இரண்டாவது நிமிடத்து நாடி

காலை ஆறு ஐம்பது.

பதினான்காம் மாடியின் கடைசிப் படியில் நர்ஸ் இரண்டு தண்ணீர்க் கேன்களையும் இறக்கி வைத்தாள். இரவு டியூட்டி முடித்து நேராக வந்திருந்தாள். கைப்பிடி அழுத்திய இடத்தில் விரல்கள் வெளுத்திருந்தன. லிஃப்ட் நின்று பதினொரு நாள். தண்ணீர் மோட்டார் நின்று ஆறு நாள். எட்டாம் மாடிக்கு மேலே குழாயைத் திறந்தால் காற்று வந்தது.

மேலே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

பிரமை என்று நினைத்தாள். தூக்கம் கெட்டால் இல்லாததெல்லாம் கேட்கும். ஆனால் சத்தம் நிற்கவில்லை. அரை மாடி ஏறிப் போய்ப் பார்த்தாள்.

மொட்டைமாடியில் ஒருவன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பெரிய முதுகுப்பையிலிருந்து கேன் கேனாக எடுத்து, மழைநீர் போகும் துளையில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். நிதானமாக. செடிக்கு ஊற்றுவதுபோல.

"ஏங்க! என்ன பண்றீங்க?"

எட்டு வருட வார்டு வாழ்க்கையில் அவள் இப்படிக் கத்தியதில்லை. அவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"தண்ணி ஊத்தறேன்."

"அது தெரியுது. எங்கேர்ந்து வந்த தண்ணி?"

"கீழேர்ந்து."

"கீழேர்ந்து... தூக்கிட்டு வந்தா?"

"ஆமாங்க. இருபது லிட்டர்."

"இருபது லிட்டரைப் பதினாலு மாடி தூக்கிட்டு வந்து... ஊத்தறீங்க."

"ஆமா."

"பைத்தியமா உங்களுக்கு?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

"எங்க அக்காவும் அதையேதான் கேக்கறாங்க."

மூச்சு வாங்கியபடியே விளக்கம் சொன்னான். இன்னும் ஐந்து வாரத்தில் ஒரு மலை ஏறப் போகிறான். ஏழாயிரத்து நூறு மீட்டர். அதற்குச் சுமையோடு படி ஏறிப் பழக வேண்டும். ஏறும்போது சுமை நல்லது. இறங்கும்போது அதே சுமை முட்டியைத் தின்றுவிடும்.

"கல்லைத் தூக்கிட்டு வந்தா கல்லோடதான் இறங்கணும். தண்ணின்னா மேல ஊத்திட்டுக் காலியா இறங்கலாம். மலை ஏறறவங்க எல்லாரும் இப்படித்தான்..."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"அஞ்சு."

அவள் மனதுக்குள் பெருக்கினாள். நூறு லிட்டர். ஆறு நாளாக. நேற்று அப்பாவின் தலையை இரண்டு சொம்புத் தண்ணீரில் அலசியிருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் உட்கார வேண்டியிருக்கும். உட்கார்ந்தால் எழ முடியாது.

"கீழ இறங்கினதும் ரெண்டாவது கதவு. வாசல்ல நீல பக்கெட் இருக்கு. இனிமே அதுல ஊத்துங்க."

"சரிங்க... இன்னிக்கே இன்னும் மூணு ரவுண்டு பாக்கி இருக்கு. கொண்டு வரட்டுமா?"

அப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். வலியில் விழித்த கண்களையும் மயக்கத்தில் செருகும் கண்களையும் பார்த்துப் பழகியவள். இவை நன்றாகத் தூங்கி எழுந்த கண்கள். அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

அவன் இரண்டாம் மாடியில் குடியிருந்தான். அடுத்த தெருக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. லிஃப்ட் ஓடிய ஒன்பது வருடத்தில் இருவரும் ஒருமுறைகூட எதிரே வந்ததில்லை.

*

மறுநாள் முதல் அவன் வந்தான். கதவை ஒரு தட்டு. பக்கெட் நிறையும் சத்தம். இறங்கிப் போகும் காலடி. ஐந்து தடவை.

அப்பா ஜன்னல் பக்க நாற்காலியில் இருப்பார். இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவர். இடுப்பு எலும்பு முறிந்து, பிளேட் வைத்து, இப்போது ஊன்றுகோல். லிஃப்ட் நின்ற நாளிலிருந்து தரையை மேலிருந்துதான் பார்க்கிறார். பேச ஆள் கிடைத்ததில் அவருக்குக் கொண்டாட்டம்.

"தண்ணித் தம்பி, அந்த மலை மேல அப்படி என்னதான் இருக்கு?"

"ஒண்ணும் இல்லீங்கப்பா. பனிதான்."

"ஒண்ணும் இல்லாத இடத்துக்கா இவ்வளவு பாடு? நான் லாரியில ஏறாத மேடா? மேல போனா ஒரு டீக்கடையாவது இருக்கும்."

"அப்பா, அவரைப் போக விடுங்க. வேர்த்துக் கொட்டுது."

மூன்றாம் நாள் அவன் வாசலில் நின்றபோது முகம் வெளிறி இருந்தது. அவள் கை தானாகப் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தது. அது பழக்கம். கட்டிலில் யார் கிடந்தாலும் அப்படித்தான் பிடிப்பாள்.

"நூத்தி அறுபத்தாறு. உட்காருங்க."

"ஏறினதும் அவ்வளவு இருக்கும். ரெண்டு நிமிஷம் கழிச்சு எவ்வளவு இறங்குதுங்கறதுதான் முக்கியம்..."

பையின் மேல் அறையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தான். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு எண்கள். ஏறியவுடன் ஒன்று. இரண்டாவது நிமிட முடிவில் ஒன்று. குழுவின் கேப்டன் உத்தரவு. கருவி கூடாது, விரலால்தான் எண்ண வேண்டும். குளிரில் கருவி ஏமாற்றும் என்பது கேப்டனின் கட்சி.

"மூச்சு வாங்கும்போது எனக்கு எண்ணிக்கை விட்டுப்போகுது," என்றான்.

"குடுங்க. நான் எழுதறேன்."

அப்படி ஆரம்பித்தது. தினமும் கடைசி ரவுண்டு முடிந்ததும் படியில் உட்காருவார்கள். அவள் இடது கையில் கடிகாரம், வலது கையில் அவன் மணிக்கட்டு. இரண்டு நிமிடம் பேச்சில்லை.

ஒரு நாள் மழை. படிக்கட்டு ஜன்னலில் சாய்வாக அடித்தது. எதிர்க் கட்டடங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கடைசியில் ஜன்னல் சட்டமும் சாம்பல் நிறமும் அவர்கள் இருவரும்தான் மிச்சம்.

"வலது கண்ணுல பவர் மாறியிருக்கு உங்களுக்கு," என்றான். "கடிகார முள்ளைப் பார்க்கும்போது கண்ணை இடுக்கறீங்க."

"பல்ஸ் பார்க்கும்போது பேசக்கூடாது."

"சரி."

முள் அரைச் சுற்று சுற்றியது.

"...எவ்வளவு மாறியிருக்கும்?"

"பேசக்கூடாதுன்னீங்க."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எண்ணிக்கை தவறியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அன்று இரண்டு நிமிடம் நான்கு நிமிடம் ஆனது. இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

நாள் முழுக்க யாராவது அவளை அழைத்துக்கொண்டே இருப்பார்கள். வார்டில் மணி. வீட்டில் அப்பா. இந்தப் படியில் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. களைப்பு என்றால் இதுதான் என்று அவளுக்குப் புரிந்தது... ஓர் இடத்தில் அது இல்லாமல் போனபோது.

நோட்டில் எழுதினாள். நூற்று இருபத்தெட்டு. முந்தின நாள் நூற்று இருபத்துநான்கு. புருவம் சுருங்கியது.

"எத்தனை நாள் போறீங்க?" என்றாள், நோட்டை மூடியபடி.

"நாப்பத்தெட்டு. அதுல இருபது நாள் போன் இருக்காது. மூணு வருஷமா ஒரு லீவுகூட எடுக்காம சேர்த்து வெச்சேன். முதலாளி ஒரே ஒரு தடவைன்னு சொல்லி ஒத்துக்கிட்டார்."

அவள் எழுந்துகொண்டாள். அம்மா ஞாபகம் வந்தது. லாரி வரும் என்று சொன்ன நாளும் வராத நாளுமாக இருபத்திரண்டு வருடம் வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருந்த அம்மா. சத்தம் கேட்டு எழுந்து, இல்லையென்று மறுபடி படுத்த அம்மா. பத்தொன்பது வயதில் அவள் அம்மாவிடமே சொல்லியிருந்தாள். நான் யாருக்காகவும் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன்.

"நாளைக்குப் பக்கெட்டை உள்ளே வெச்சிடறேன். அப்பாகிட்டக் குடுத்துட்டுப் போங்க," என்றாள்.

ஆனால் மறுநாள் ஆறு ஐம்பதுக்குப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

*

மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு காலை. அவன் ஒரே ஒரு ரவுண்டு வந்தான். மூச்சு வாங்கவில்லை. மெதுவாக ஏறியிருக்க வேண்டும். பக்கெட்டை நிரப்பிவிட்டு நோட்டை அப்பாவின் பக்கத்து முக்காலியில் வைத்தான்.

"இனி இது வேண்டாம்."

"ஏன் தம்பி?"

"கேப்டன் என்னை எடுத்துட்டாங்க, குழுவுலேர்ந்து. ரெண்டாவது நிமிஷ எண் மூணு வாரமா ஏறிக்கிட்டே இருக்கு. நூத்தி எட்டுல இருந்தது நூத்தி முப்பத்தாறு. உடம்பு தாங்கலைன்னு அர்த்தமாம். ஈசிஜி எடுத்தேன், நல்லா இருக்கு. அது படுத்துக்கிட்டு எடுக்கறது, மலையில படுக்க முடியாதுன்னுட்டாங்க."

அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். கேட்டவுடன் உடம்பு முழுக்க ஒரு தளர்ச்சி இறங்கியது. நிம்மதி. அது நிம்மதிதான் என்று தெரிந்ததும் கூசியது.

"எக்கோ எடுத்துப் பாருங்க. எங்க டாக்டர்கிட்ட நான் சொல்றேன்," என்றாள்.

"சரிங்க."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. அன்று மதியமே மெக்கானிக் வந்து மோட்டாரைச் சரி செய்தான். குழாய் இருமி, துப்பி, பிறகு ஓடியது. மறுநாள் கதவு தட்டப்படவில்லை. அதற்கு அடுத்த நாளும்.

நீல பக்கெட் குளியலறையில் காலியாக இருந்தது. குழாய்த் தண்ணீரில் குளித்தாள், ஆசை தீர. சந்தோஷமாக இல்லை.

"போய் ஒரு எட்டு பார்த்துட்டு வாயேம்மா. ரெண்டாம் மாடிதானே."

"எனக்குத் தூங்கணும்ப்பா."

தூங்கவில்லை. நோட்டை எடுத்துப் புரட்டினாள். முதல் பக்கங்களில் அவன் எழுத்து. நூற்று பத்து, நூற்று எட்டு, நூற்று எட்டு. பிறகு அவள் எழுத்து. நூற்று இருபது, இருபத்துநான்கு, இருபத்தெட்டு, முப்பத்திரண்டு... நடுவே ஒரு நாள் மட்டும் கோணல்மாணலாக, பெரிய எழுத்தில்: நூற்று நாலு.

"இது யார் எழுதினது?"

"நான்தான்," என்றார் அப்பா. "உனக்கு வார்டுல லேட்டான அன்னிக்கு. தம்பி பாவம் கையை நீட்டிக்கிட்டு நின்னுது. நான் புடிச்சு எண்ணினேன்."

அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வார்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. சிலருக்கு நர்ஸ் கட்டிலருகே வந்தாலே துடிப்பு ஏறும். அவர்களுக்கு மட்டும் கொஞ்ச நேரம் பொறுத்து, வேறு ஆளை விட்டு மறுபடி எடுப்பார்கள். புதிதாக வரும் நர்சுகளுக்கு அவளே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். மூன்று வாரம் தினமும் ஒரே கையைப் பிடித்துக்கொண்டு, ஒருநாள்கூட இது அவளுக்குத் தோன்றவில்லை.

அவன் இதயத்துக்கு ஒன்றுமில்லை.

காது சூடானது. யாரோ பார்த்துவிட்டதுபோல நோட்டைச் சட்டென்று மூடினாள். பிறகுதான் மற்றது உறைத்தது. இதைச் சொன்னால் அவன் போய்விடுவான். சொல்லாவிட்டால்... நாளையும் இரண்டாம் மாடியில் இருப்பான். கடைக்குப் போவான். சாயங்காலம் வருவான். போன் எடுப்பான்.

"என்னம்மா?"

"நீங்க தப்பா எண்ணியிருக்கீங்கப்பா."

"லாரி ஓட்டினவன்தான். அதுக்காக நூறு வரைக்கும் எண்ணத் தெரியாதா எனக்கு?"

"தப்புப்பா. விடுங்க."

அப்பா ஊன்றுகோலை நகர்த்தி வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி. தப்புதான்."

*

இரண்டு இரவுகள் டியூட்டி. இரண்டாவது நாள் விடியும் நேரம், ஏழாம் நம்பர் கட்டில்காரருக்கு நாடி பார்த்துச் சார்ட்டில் எழுதினாள். எழுபத்தெட்டு. பேனா அங்கேயே நின்றது. எட்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் எண்கள். எத்தனை களைப்பிலும் ஒன்றையும் மாற்றி எழுதியதில்லை. எழுபத்தெட்டு என்றால் எழுபத்தெட்டு. ஒரு மனிதனைப் பற்றிப் பொய்யான எண்ணை விட்டுவைத்திருப்பது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்குப் போகவில்லை. நோட்டின் அட்டையில் இருந்த மலையேற்றக் குழுவின் முகவரிக்கு பஸ் ஏறினாள்.

ஐந்தாம் மாடியில் ஓர் அறை. சுவர் முழுக்கக் கயிறுகள். கேப்டன் என்றதும் மீசையோடு ஒருவரை எதிர்பார்த்திருந்தாள். ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் தரையில் உட்கார்ந்து பூட்ஸுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். இடது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை.

நர்ஸ் நோட்டைத் திறந்து காட்டினாள். வார்டில் சொல்வதுபோலவே சொன்னாள். எண்ணியது யார், எப்போது, எந்த நாள் மட்டும் வேறு ஆள். குரல் நடுங்கவில்லை. கடைசி வாக்கியத்தில் மட்டும் லேசாகத் தடுமாறியது.

கேப்டன் பூட்ஸைக் கீழே வைத்தார்.

"நீ சொல்றது சரின்னா அவன் கிளம்பிடுவான். தெரியுமில்ல?"

"தெரியும்."

கேப்டன் மெழுகுக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்தார்.

"டேய், கடையில சொல்லிட்டு வா. பையில இருபது லிட்டர் எடுத்துக்க. என்னத்துக்குன்னு கேக்காதே."

அவன் அந்தக் கட்டடத்தின் ஐந்து மாடியையும் மூன்று தடவை ஏறி இறங்கினான். கடைசியில் அறைக்குள் வந்தபோது மூலையில் அவளைப் பார்த்தான். அப்படியே நின்றான்.

"அங்க என்ன பார்வை? சுவத்தைப் பார்த்து உட்காரு," என்றார் கேப்டன். மேசை டிராயரைத் துழாவி விரலில் மாட்டும் கருவியை எடுத்தார்.

"கருவி ஏமாத்தும்னு நீங்கதானே கேப்டன்..."

"குளிர்ல ஏமாத்தும். இங்க குளிரா?"

இடது கை விரலில் கருவி. இரண்டு நிமிடம். சிவப்பு எழுத்தில் எண் இறங்கியது. நூற்று நாற்பது. நூற்று பதினெட்டு. நூற்று மூன்றில் நின்றது.

"ம். இப்ப நீ புடிம்மா. அந்தக் கையை."

அவள் வந்து உட்கார்ந்தாள். வலது மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தாள். இரண்டு பெண்களும் அந்தச் சின்னச் சிவப்பு எழுத்தைப் பார்த்தார்கள்.

நூற்று எட்டு.

நூற்று பதினைந்து.

நூற்று இருபத்தொன்று.

"கேப்டன், போதும்," என்றான் அவன், சுவரைப் பார்த்தபடி. காது மடல் சிவந்திருந்தது.

நூற்று முப்பது.

"இந்தம்மா மலைக்கு வர்றாங்களா?" என்றார் கேப்டன்.

"இல்ல கேப்டன்."

"அப்ப நீ வரலாம். வியாழக்கிழமை பூட்ஸ் அளவு பார்க்கணும், காலையில வந்துடு." அவர் மெழுகு டப்பாவைத் தேடினார். முகத்தை மறைக்கத்தான் தேடினார் என்று தெரிந்தது.

*

படியில் இறங்கினார்கள். அவன் முன்னால். அவள் பின்னால், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. கால் வீங்கியிருந்தது. கண் விழித்து இருபத்தாறு மணி நேரம். மூன்றாம் மாடி வளைவில் சுவரில் சாய்ந்தாள். வெளியே தூறல் தொடங்கியிருந்தது. சத்தமில்லாத தூறல். அவன் திரும்பி இரண்டு படி ஏறி வந்து நின்றான்.

"எனக்கு முதல் நாளே தெரியும்," என்றான்.

"என்ன?"

"எண் ஏன் ஏறுதுன்னு."

அவள் கண்களைத் திறந்தாள்.

"தெரிஞ்சும் ஏன் கேப்டன்கிட்ட சொல்லலை?"

"சொல்லணும்னா முதல்ல உங்ககிட்டல்ல சொல்லணும்... சொன்னா அடுத்த நாள் கையைப் புடிக்க மாட்டீங்க. நானே எண்ணிக்கறேன்னு நோட்டை வாங்கியிருக்கலாம். தினமும் ஏறும்போது அதான் நெனப்பேன். இன்னிக்கு வாங்கிடணும், இன்னிக்கு வாங்கிடணும்னு. மேல வந்தா நீங்க படியில உட்கார்ந்திருப்பீங்க. கடிகாரத்தைத் திருப்பி வெச்சுக்கிட்டு..."

"மூணு வருஷ லீவு."

"ஆமா."

"அதை விட்டுட்டீங்க. ரெண்டு நிமிஷத்துக்காக."

"நாலு நிமிஷம்," என்றான். "மழை பெஞ்ச அன்னிக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் தெம்பில்லை.

"நீங்க ஏன் வந்து சொன்னீங்க?" என்றான் மெதுவாக. "விட்டிருந்தா நான் இங்கேயே இருந்திருப்பேன்."

"தப்பான எண் எழுதிப் பழக்கமில்லை எனக்கு."

"அவ்வளவுதானா?"

கீழே யாரோ குடையை உதறும் சத்தம். அவள் செருப்பைப் படியில் போட்டாள். ஒரு காலை நுழைத்தாள். மறு காலை நுழைக்கவில்லை.

"நாப்பத்தெட்டு நாள் நான் விளக்கு எரிய விட்டுட்டு முழிச்சிருக்க மாட்டேன்."

"வேண்டாம்."

"டியூட்டிக்குப் போவேன். வந்து தூங்குவேன்."

"தூங்குங்க."

"போன் வரலைன்னு அழ மாட்டேன்."

"சரி."

எல்லாவற்றுக்கும் சரி சொல்கிறானே என்று கோபம் வந்தது. அவன் கண்கள் சிவந்திருந்தன. இந்த நாலைந்து நாளாக அவனும் தூங்கவில்லை. அதை இப்போதுதான் பார்த்தாள். கையை நீட்டினாள்... இந்தத் தடவை உள்ளங்கை மேலே இருக்கும்படி, மணிக்கட்டு அவன் பக்கம் இருக்கும்படி.

"மூணு வாரமா நான் எண்ணினேன், அப்பா எண்ணினார், இன்னிக்குக் கேப்டனும் எண்ணிட்டாங்க. எல்லாரும் உங்களோடதைத்தான்... என்னோடது எவ்வளவுன்னு ஒரு தடவையாவது உங்களுக்குக் கேக்கத் தோணிச்சா?"